ஒடிந்த மொட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

இஸ்தான்புல் போயிருந்தபோது எயூப் அடக்கத்தலத்தில், ஒட்டோமான் காலத்து இளம்பெண் ஒருத்தியின் மீசான்கல்லை (கல்லறையில் நடும் கல்) பார்த்தேன். காம்பு ஒடிந்த ரோஜா மொட்டு செதுக்கியிருந்தது. கூட வந்தவர் வாசித்துச் சொன்னார்: 'அவனே நிலைத்திருப்பவன்', இளமையிலேயே ஆசை நிறைவேறாமல் போனவள், இன்னாரின் மகள், அவளுக்காக ஒரு ஃபாத்திஹா (இறந்தவர்களுக்காக ஓதும் குர்ஆனின் முதல் அத்தியாயம்). பக்கத்துக் கல்லிலும் கிட்டத்தட்ட இதே வரிகள். மகளைப் பறிகொடுத்தவர்கள் இப்படியா அச்சடித்த மாதிரி எழுதுவார்கள்? மனசு ஒப்பவில்லை.

எம்.

அன்புள்ள எம்.,

அந்தக் கல் யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் இறைவன், முடிவில் அந்த வழியாகப் போகிற யாரோ. தகப்பனுக்கு வேண்டியிருந்ததெல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் நின்று மகளுக்காக ஓதும் ஒரு ஃபாத்திஹாதான், அதைக் கேட்க எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் சட்டென்று பிடிபடுகிற, ஏற்கெனவே காதில் விழுந்த வரிகள்தான் உதவும். அங்கே பல கற்களில் ஓர் ஈரடி வரும்: "வந்து பார்ப்பதன் நோக்கம் ஒரு துஆ (பிரார்த்தனை), இன்று எனக்கென்றால் நாளை உனக்கு." செத்தவரே நம்மிடம் கேட்கிறார். அதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், எல்லாக் கல்லும் ஒன்றுபோல இல்லை. வசதியுள்ளவர்கள் கவிஞரை வைத்து எழுதினார்கள். கடைசி வரியின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் இறந்த ஹிஜ்ரி ஆண்டு வரும், அப்ஜத் கணக்கு. சில கற்களில் காசநோய், பிரசவம் என்று காரணமும் உண்டு. பிரசவத்தில் இறந்தவளுக்கு ஷஹீத் (உயிர்த்தியாகி) அந்தஸ்து என்று ஹதீஸ், அதாவது நபிமொழி, சொல்கிறது, அந்த வீட்டார் பிடித்துக்கொள்ள அது ஒன்றாவது இருந்தது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். ஆண்களின் கல்லில் தலைப்பாகையைச் செதுக்குவார்கள், 1829க்குப் பிறகு ஃபெஸ் தொப்பியும் வந்தது. அதைப் பார்த்தே ஆள் என்ன பதவியில் இருந்தார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பெண்ணுக்குப் பூ. அப்பாவின் அல்லது கணவனின் பெயரும் உத்தியோகமும் இருக்கும், பெற்றவளின் பெயர் அநேகமாக இருக்காது. அவள் யாரென்றே தெரியவில்லையே என்று நீங்கள் கேட்டிருந்தால் முழுக்க உங்கள் பக்கம் நிற்பேன்.

இந்த வாய்பாட்டை உடைத்துக்கொண்டு அழுதவரும் அங்கே உண்டு. பம்பாயில் ஒட்டோமான் கான்சலாக இருந்த கவிஞர் அப்துல்ஹக் ஹாமித். மனைவி ஃபாத்மா ஹானிமுக்குக் காசநோய். ஊர் திரும்பும் வழியில் 1885இல் பெய்ரூத்தில் இறந்துபோனார், அங்கேயே அடக்கம். அதே ஆண்டு ஹாமித் எழுதிய நீண்ட இரங்கற்பா 'மக்பர்', கல்லறை என்று பொருள். "ஐயோ! இடமும் இல்லை, துணையும் இல்லை" என்று தொடங்கி, "இப்போது இங்கேதான் இருந்தாள், கைவிட்டுப் போய்விட்டாள்" என்று அரற்றுகிறார். மரணத்தை விடாமல் கேள்வி கேட்கிறார். அவருக்கு ஒரு புத்தகம் முழுக்க இடம் இருந்தது, வார்த்தையும் இருந்தது. எயூபில் அந்தத் தகப்பனுக்குக் கிடைத்தது ஒரு கல்லின் அகலம். அதை வைத்து யார் துக்கம் பெரிது என்று அளக்க எனக்கு மனம் வராது.

அந்தக் கல்லுக்கு நடந்த பெரிய அநியாயம் 1928இல் நடந்தது என்பேன். துருக்கி அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது, பேரப்பிள்ளைகளுக்கே பாட்டியின் கல் வாசிக்கத் தெரியாமல் போனது. ஃபாத்திஹா கேட்டு நிற்கும் கல்லை வாசிக்காமலே கடந்துபோகிறார்கள். உங்களுக்கு வாசித்துச் சொல்ல ஒருவர் கிடைத்தாரே.

படம் எடுத்திருந்தால் அனுப்புங்கள். அடியில் ஆண்டு இருக்கும், பெயரும் எங்காவது இருக்கும். உங்கள் கடிதத்தில் அது விட்டுப்போயிருக்கிறது.