கதவு வாங்கப் போகிறீர்களா? ஒரு தச்சரிடம் கேட்டவை

30 வருடமாக இழைப்புளி பிடிக்கிற கை என்னுடையது. வந்த கேள்விகளில் பாதி, "எந்த டிசைன் நல்லா இருக்கும்?" என்பதுதான். அது உங்கள் கண்ணுக்கும் பர்ஸுக்கும் நடுவில் உள்ள விஷயம், நான் தலையிடவில்லை. மற்றவற்றுக்குப் பதில் இதோ.

அண்ணே, தலைவாசலுக்குப் பர்மா தேக்கு, கானா தேக்கு, நாட்டுத் தேக்கு என்று கடையில் மூன்று விலை சொல்கிறார்கள். எதை எடுப்பது? (தாம்பரம்)

பெயரை விடுங்கள் தம்பி, வயசைப் பாருங்கள். கானா தேக்கும் தேக்கு இனம்தான். ஆனால் தோட்டத்தில் வளர்த்து இளசாக வெட்டி வருவதே அதிகம். அதனால் வைரம், அதாவது நடுவிலுள்ள கெட்டி மரம் குறைவு, ஓரத்து வெள்ளை அதிகம். உளுப்பது அந்த வெள்ளைதான். பர்மாவில் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மர ஏற்றுமதிக்கே தடை போட்டுவிட்டார்கள். "நேத்துதான் பர்மா லாரி வந்துச்சு" என்று மலிவு விலை சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். கட்டையின் வெட்டு முகத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள், வைரமும் வெள்ளையும் பிரிந்து தெரியும். ஸ்டெயின் அடித்த பிறகு பார்த்தால் எல்லாமே பர்மாதான்.

கணக்கையும் தெரிந்துகொண்டு போங்கள். மூன்றரைக்கு ஏழு அடி நிலை, கீழ்ப்படியோடு சேர்த்து 21 அடி நீளம். ஐந்துக்கு மூன்று அங்குலக் கட்டை என்றால் 21 × 15 ÷ 144, சுமார் 2.2 கன அடி. வேஸ்டேஜ் என்று கொஞ்சம் சேர்ப்பார்கள், அது நியாயம். மூன்றரை கன அடி என்று பில் போட்டால் நியாயமில்லை. பட்ஜெட் இடித்தால் நிலைக்கு வேங்கை போடுங்கள், கதவை மட்டும் தேக்கில் செய்யுங்கள்.

மழை வந்தால் கதவு இறுகிக்கொள்கிறது. ஆசாரி வந்து இழைத்துக் கொடுத்தார். இப்போது கோடையில் விரல் நுழைகிற அளவு சந்து. (நாகர்கோவில்)

உங்கள் ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கதவு இரண்டு தடவை குடிக்கும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலத்தில்தான் உப்பும். ஈரம் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். செல்போனில் செல்ஃபி கேமராவை ஆன் செய்து கதவுக்கு அடியில் நீட்டுங்கள். அடிப்பக்கம் வெறும் மரமாக இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். நாற்காலி போட்டு ஏறி மேல் விளிம்பைத் தடவினால் அதுவும் சொரசொரப்பாக இருக்கும். முகப்பில் மூன்று கோட் பாலிஷ், தலையிலும் காலிலும் ஒன்றுமில்லை. பங்குனி, சித்திரையில் மரம் காய்ந்திருக்கும்போது கதவைக் கழற்றி, ஆறு முகத்துக்கும் சீலரும் வார்னிஷும் இரண்டு கோட் கொடுங்கள். இருக்கிற சந்துக்கு, நிலையில் கதவு வந்து பொருந்தும் வெட்டில் மெல்லிய தேக்குப் பட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. மழையில் இறுகும் கதவெல்லாம் உப்பிய கதவு அல்ல. கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் மேல் கீல் தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஸ்க்ரூவைத் திருகாமல் சுத்தியலால் அடித்து இறக்கியிருப்பார்கள், கடைசி இரண்டு சுற்று மட்டும் திருப்புளி. சின்ன வயசில் நானும் செய்து அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஓட்டையில் பசை தடவிய மரக்குச்சியை இறக்கி, காய்ந்ததும் நறுக்கிவிட்டு, புதிதாகத் துளை போட்டு ஸ்க்ரூவைத் திருகுங்கள். இழைப்புளிக்கு வேலையே இருக்காது.

தலைவாசல் கதவுக்கு எத்தனை கீல்? (சேலம்)

மூன்றரைக்கு ஏழு அடி, ஒன்றரை அங்குலத் தேக்குக் கதவு ஐம்பது கிலோவைத் தாண்டும். ஐந்து அங்குலக் கீல் நான்கு போடுங்கள். உள் அறைக் கதவுக்கு மூன்று போதும்.

படுக்கையறைக்கு ஃப்ளஷ் டோர், பாத்ரூமுக்கு என்ன? (மதுரை)

பாத்ரூமுக்கு டபிள்யூபிசி, அதாவது பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்து செய்த பலகை. நிலையும் அதிலேயே எடுங்கள், கரையானும் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வெயில் படும் வெளிவாசலுக்கு வேண்டாம். ஃப்ளஷ் டோர் என்பது உள்ளே கட்டை அடுக்கி, இரண்டு பக்கமும் தட்டையாகப் பலகை ஒட்டிய கதவு. அதில் ஐஎஸ் 2202 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். கடையில் வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி உள்ளே கட்டைகள் நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். துண்டு காட்டாத கடை வேண்டாம்.

மாமியார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். மூன்று அடிக் கதவு போதும் என்கிறார் மேஸ்திரி. (திருநெல்வேலி)

போதாது அம்மா. அவர் சொல்வது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கமும் இரண்டரை அங்குலக் கட்டை போனால் 31 அங்குலம், திறந்த கதவின் கனமும் கொஞ்சம் அடைத்துக்கொள்ளும். மிஞ்சுவது 30. நாற்காலி போய்விடும், சக்கரத்தைத் தள்ளுகிற கை நிலையில் இடிக்கும். மூன்றரை அடி நிலை போடுங்கள், ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் வழி கிடைக்கும். கீழ்ப்படி வேண்டாம். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கிற கதவை அவர்களுடைய உடம்பே அடைத்துக்கொள்ளும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் என்னை உளியோடு கூப்பிட்டார்கள்.

காரைக்குடியில் பழைய செட்டிநாட்டுக் கதவு வாங்கலாமா? (சென்னை)

தாராளமாக. ஆனால் கதவை வாங்கிவிட்டு வாசலைக் கட்டுங்கள், வாசலைக் கட்டிவிட்டுக் கதவு தேடாதீர்கள். பழைய நிலைகள் பல உயரம் குறைவு, குனிந்துதான் நுழைய வேண்டும். நிலையையும் சேர்த்தே வாங்குங்கள். கால் பகுதியில் ஆணியால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் விலையை மறுபடி பேசுங்கள்.

கதவுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையில் வர வேண்டுமாமே? (ஈரோடு)

அதற்கு வேறு ஆள் இருக்கிறார். நான் போட்ட கதவுக்குத்தான் நான் பொறுப்பு.

நாள் பார்த்துத் தலைவாசல் நிலை வைத்துவிட்டோம். பூச்சு வேலை இன்னும் பாக்கி. உள் நிலைகளையும் இப்போதே வைக்கலாமா? (தஞ்சாவூர்)

நாள் பார்த்து முதலில் வைப்பது தலைவாசல் நிலை மட்டும் போதும். உள் நிலைகளுக்கு ஓட்டை விட்டுவிட்டுப் பூச்சு முடிந்ததும் பொருத்தலாம். வைத்த நிலையைப் பாலித்தீனால் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் சுவருக்கு அடிக்கிற தண்ணீரெல்லாம் மரத்துக்குத்தான். மீதி நிலைகளைப் பொருத்துமுன், சுவரைப் பார்க்கிற முதுகுக்குக் கரையான் மருந்தும் ப்ரைமரும் அடிக்கச் சொல்லுங்கள். சிமெண்ட் குழைக்கும் நேரத்தில் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். பூசி மூடிவிட்டால் அடித்தார்களா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.