சைவம் மட்டுமே சாப்பிடுபவருக்கும் நாடாப்புழுவால் வலிப்பு வருமா?

வரும். மூளையின் நரம்பணுக்கள் மெல்லிய மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. வகுப்பில் ஒவ்வொருவராகப் பதில் சொல்ல வேண்டிய பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினால் எப்படி இருக்குமோ, அப்படி அவை சேர்ந்து துடிப்பதுதான் வலிப்பு.

இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றைத் தெளிவாக்கியதில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வலிப்போடு வந்தவர்களின் சிடி ஸ்கேனில் சிறு புள்ளி ஒன்று தெரிந்தால், அதைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி நீண்ட நாள் மருந்து கொடுத்துவந்த காலம் அது. அந்தக் கட்டியை எடுத்துச் சோதித்தவர்கள், பன்றி நாடாப்புழுவின் இளம்புழுவே பலருக்குக் காரணம் என்று 1989இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தப் புள்ளி பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே கரைந்துவிடும். அதுவரை வலிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை தேவை. எத்தனை பேரை வீண் மருந்திலிருந்தும் அறுவை சிகிச்சையிலிருந்தும் காப்பாற்றிய கண்டுபிடிப்பு இது!

சரியாக வேகாத பன்றி இறைச்சியால் குடலில் புழு வளரும். மூளைக்குப் போவது வேறு வழி: புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், பச்சையாகத் தின்னும் கீரை, காய்கள் வழியாக யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். இளம்புழு மூளையில் தங்கிச் சாகும்போது ஏற்படும் அழற்சிதான் வலிப்பைத் தூண்டுகிறது.

வலிப்பு வந்தவர் கையில் சாவியையோ இரும்பையோ கொடுத்தால் வலிப்பு நிற்காது. அது பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108ஐ அழையுங்கள்.