200 முட்டைக்கோழிக்குக் கொட்டகை: தரையா, கூண்டா, குட்டைக்கு மேலேயா?

பர்மாவில் தட்டோன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மேடான நிலம் இருக்கிறது, ஓரமாக ஒரு மீன்குட்டை. 200 முட்டைக்கோழி வளர்க்க ஆசை. நாமக்கல் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தரையில் உமி பரப்பி வளர்க்கலாம் என்று நினைத்தாராம். ரங்கூனில் சாமான் விற்பவர் கம்பிக் கூண்டு வாங்கச் சொல்கிறார். மச்சானோ, "குட்டைக்கு மேலேயே கொட்டகை போடு, எச்சம் மீனுக்குத் தீனியாகும்" என்கிறாராம். மூன்றில் எதைச் செய்வது என்பது கேள்வி.

தம்பி, மூன்றும் வேண்டாம். மேட்டு நிலத்தில் தூண் நட்டு, மூங்கில் பரண் போட்டுக் கோழியை மேலே ஏற்றிவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நாமக்கல்காரர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. உங்கள் பக்கத்து மோல்மீனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,800 மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். நாமக்கல்லில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பெய்யாது. ஆழ்கூளம், அதாவது தரையில் பரப்பின உமி, நன்றாக இருக்க அது காய்ந்திருக்க வேண்டும், அதுதான் முழு ரகசியமும். ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். மெல்லத் தட்டினதும் உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் ஈரம் ஏறிவிட்டது, ரத்தக்கழிச்சல் கிருமிக்கு அதுதான் வேண்டும், அம்மோனியாவும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. நம்ம ஊர் ஜூலையில் உமியைத் தினமும் கிளறினாலும் காய வெயில் வேண்டுமே! ஆலையிலிருந்து வரும் உமியே நனைந்து, பூசணம் பிடித்து வரும், அதைப் போட்டால் கோழிக்கு நுரையீரல் கெடும்.

கூண்டு கெட்ட சாமான் இல்லை. ஆயிரக்கணக்கில் வளர்ப்பவருக்கு ஆள்கூலி மிச்சம், முட்டையும் சுத்தமாக உருண்டு வரும். ஆனால் முதல் தடவை வளர்க்கிறவர் 200 கோழிக்கு அவ்வளவு காசைக் கம்பியில் முடக்குவது வீண். நம்ம ஈரக்காற்றில் மட்டமான கம்பி சீக்கிரமே துருப்பிடித்துக் கோழியின் காலைக் கிழிக்கும். நிப்பிளில் (கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் முனையில்) தண்ணீர் ஒரு பகல் அடைத்துக்கொண்டால் கூண்டுக்குள் இருக்கிற கோழி வேறு எங்கே போய்க் குடிக்கும்?

மச்சான் சொல்கிற முறை பர்மாவில் நிறைய இடத்தில் இருக்கிறது, லாபமும் வருகிறது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. குட்டை என்றால் காட்டு வாத்தும் நீர்ப்பறவையும் வரத்தான் செய்யும், அவற்றோடு பறவைக் காய்ச்சலும் வரலாம். 2006 மார்ச்சில் மண்டலே, சகாயிங் பகுதிகளில் பறவைக் காய்ச்சல் வந்தபோது எவ்வளவு கோழியை அழித்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம், கோழிக்குக் கொடுக்கிற மருந்து எச்சத்தோடு போய் மீனில் சேரும். எச்சம் அளவுக்கு மிஞ்சினால் விடியற்காலையில் தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீனும் மிதக்கும். எச்சத்தை மட்க வைத்துக் காய்கறிக்குப் போடுங்கள்.

சரி, பரணுக்கு வருவோம். ஒரு கோழிக்கு ஒன்றரைச் சதுர அடி என்று வைத்தால் 15 அடி அகலம், 22 அடி நீளம் தாராளம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், அப்போதுதான் காலை, மாலை வெயில் பக்கவாட்டில் அடிக்காது. கிழக்கு, மேற்குச் சுவர்களைப் பாய் வைத்து அடைத்துவிடுங்கள். வடக்கும் தெற்கும் அடியில் ஓர் அடி அடைப்பு, மேலே கூரை வரை அரை அங்குலக் கம்பிவலை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும், அதனால்தான் அகலத்தைக் கூட்ட வேண்டாம் என்கிறேன்.

பரண் தரையிலிருந்து நாலைந்து அடி உயரம் வேண்டும். ஆள் குனிந்து போய் மண்வெட்டியால் எச்சத்தை வாரும் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூங்கிலை ஓர் அங்குல அகலத்துக்குப் பிளந்து, கணுவைச் சீவி, முக்கால் முதல் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு அடியுங்கள். கணுவைச் சீவாமல் விட்டால் பாதத்தில் புண் வந்து வீங்கும், இதில் சோம்பல் படாதீர்கள். ஒவ்வொரு தூணிலும் எலி ஏற முடியாதபடி தகரத்தைச் சுற்றி அடியுங்கள். அடித்தரை வெளிநிலத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் எச்சத்தில் கலந்து புழுவும் ஈயும் மண்டும்.

கூரைதான் எல்லாவற்றிலும் முக்கியம். இறவாணம் (கூரையின் ஓரம்) நாலு அடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், தென்மேற்குச் சாரல் குறுக்கே அடிக்கிற ஊர் உங்களுடையது. வெறும் தகரம் மட்டும் போட்டால் ஏப்ரலில் கோழி வாய் பிளந்து இளைக்கும், தீனி எடுக்காது, முட்டை ஓடும் மெலியும். தகரத்துக்கு மேல் ஓலை பரப்புங்கள், முடியாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். 2008 நர்கீஸ் புயலை நினைத்துக் கூரைச் சட்டங்களைத் தூணோடு கம்பி போட்டு முறுக்கிக் கட்டிவிடுங்கள்.

கம்பிவலைப் பக்கத்தை மூடும் படுதா கட்டுவதில் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். மேலே ஆணி அடித்துக் கீழே தொங்கவிடுவார்கள். சுருட்டித் தூக்கினால் குளிர்காற்று நேராகக் கோழி மேலே படும், கெட்ட காற்று மேலேயே அடைந்து கிடக்கும். படுதாவின் அடியைக் கீழே பொருத்தி, கயிறு கட்டி மேல்நோக்கி இழுத்து மூடுகிற மாதிரி செய்யுங்கள். அடைமழையிலும் மேலே ஒரு அடி திறந்தே இருக்கட்டும். தீவனச் சாக்கைத் தைத்தாலே போதும். காலையில் உள்ளே போனதும் கோழி உயரத்துக்குக் குந்தி முதல் மூச்சில் முகர்ந்து பாருங்கள், கண் எரிந்தால் காற்று போதவில்லை. கொஞ்ச நேரம் நின்றால் மூக்கு பழகிவிடும், அப்புறம் தெரியாது.

சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொங்கும் தீவனத் தொட்டி 25 கோழிக்கு ஒன்று, எட்டு வேண்டும். தொட்டி விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருந்தால் சிந்தாது. 200 கோழி நாளைக்கு 22, 23 கிலோ தின்னும், நம்ம பர்மா வீசைக் கணக்கில் சுமார் 14 வீசை, அதில் சிந்துவதெல்லாம் உங்கள் காசு. தண்ணீர் சாதாரண நாளில் 50 லிட்டர், ஏப்ரலில் இரு மடங்கு வரை போகும், ஆகவே நிழலில் ஒரு டிரம்மை உயரத்தில் ஏற்றிவிடுங்கள், கரண்ட் இல்லாவிட்டாலும் இறங்கும். முட்டைப் பெட்டி ஐந்து கோழிக்கு ஒன்று, ஓர் அடிச் சதுரம். அடைத்த இரண்டு சுவர்களிலும் பத்துப் பத்தாக இரண்டு அடுக்கு வைத்தால் 40 ஆச்சு. தீவன மூட்டையைத் தரையிலோ சுவரில் சாய்த்தோ வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள், மழையில் சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் பூசண நஞ்சு ஏறிவிட்டால் முட்டையும் போகும் கோழியும் போகும்.

குஞ்சாக வாங்கினால் முதல் ஐந்தாறு வாரம் பரணில் விடாதீர்கள், கால் இடுக்கில் மாட்டும். ஒரு மூலையில் பாய் விரித்து உமி போட்டுத் தட்டி வளைத்துக் கட்டுங்கள். முதல் வாரம் 35 டிகிரிச் சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். பல்பை மட்டும் நம்பாதீர்கள், கரண்ட் போகும் ஊரில் கரி அடுப்பு ஒன்றும் தயாராக இருக்கட்டும், ஆனால் புகை வெளியே போக வழி விட்டு.

மூங்கிலைக் குளிர்காலத்தில் வெட்டி, சில வாரம் தண்ணீரில் ஊறப் போட்டால் வண்டு அரிப்பது குறையும். டிசம்பரில் வெட்டினால் பிப்ரவரியில் கொட்டகை நிற்கும். மார்ச்சில் குஞ்சு இறக்குங்கள், சூடு காட்டும் செலவு குறைவு, மழை தொடங்கும் முன் பரணில் ஏறிவிடும், ஆகஸ்ட் வாக்கில் முட்டை பார்க்கலாம்.