வாசகர் கேள்வி – பதில்: எந்த ஆய்விதழை நம்பிக் கட்டுரையைக் கொடுப்பது?

கேள்வி: நான் புதுக்குடியிருப்பில் ஆசிரியையாக இருக்கிறேன். ஊடகக் கற்கையில் முதுமாணி முடித்தேன். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் வன்னிச் சனம் டீவி, டெக் (வீடியோ கசெற் ஓட்டும் கருவி), ஜெனறேற்றர் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த கதைதான் என் ஆய்வு. திரைப்பட, தொலைக்காட்சிக் கற்கைக்கான சர்வதேச ஆய்விதழ் என்று ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. கட்டுரை கொடுத்தால் 10 நாளில் வெளியிடுவார்களாம், கட்டணம் 150 டொலராம். தாக்கக் காரணி 7.2 என்றும் போட்டிருக்கிறது. அனுப்பலாமா ஐயா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அனுப்ப வேண்டாம், பிள்ளை. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன். இந்தக் கடிதம் நாளைக்கு வேறொரு பெயரில் திரும்பவும் உங்களுக்கு வரும்.

பல்கலைக்கழக நூலகத்தில் சஞ்சிகைப் பகுதியில் இருந்தவன் என்பதால், ஓர் ஆய்விதழைக் கையில் எடுத்தால் அட்டையையும் எண்களையும் விட்டுவிட்டு உள்ளே இருக்கிற கட்டுரையைத்தான் முதலில் படிப்பேன். நீங்கள் அனுப்பிய இணைப்பிலும் அதையே செய்தேன். கடைசி இதழில் திரைப்படம் பற்றிய கட்டுரைக்கு அடுத்ததாக நன்னீர் மீன்களின் நோய் பற்றி ஒரு கட்டுரை கிடக்கிறது. சரி, சினிமாக் கட்டுரையாவது எப்படி என்று பார்த்தால், பெண் பாத்திரங்களைப் பற்றி எழுதியவர் ஒரு காட்சியைக்கூட விவரிக்கவில்லை. கமெரா எங்கே நிற்கிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் காட்சி வெட்டுப்படுகிறது என்று எதுவும் இல்லை. படங்களின் பெயருக்குப் பக்கத்தில் நெறியாளர் பெயருமில்லை, ஆண்டுமில்லை. இந்தத் துறை தெரிந்த எவராவது வாசித்திருந்தால் முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார். அப்படியென்றால் அங்கே ஒருவரும் வாசிக்கவில்லை. எனக்கு அந்தச் சாட்சியே போதும்.

10 நாள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஒழுங்கான ஆய்விதழ் கட்டுரையைத் துறை தெரிந்த இரண்டு பேருக்காவது, பெரும்பாலும் எழுதியவர் பெயரை மறைத்து, அனுப்பும். அவர்கள் சம்பளம் வாங்காமல் தங்கள் வேலைகளுக்கு நடுவில் வாசித்துக் கருத்து எழுதுவார்கள். திருத்தம் கேட்பார்கள், நீங்கள் திருத்துவீர்கள், சிலவேளை இரண்டாம் முறையும் போகும். மாதங்கள் பிடிக்கும், ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. அந்தக் காத்திருப்பில்தான் கட்டுரை தேறும். உங்கள் ஆய்வுக்கு அது மிகவும் தேவை. மண்ணெண்ணெயும் பற்றரியும் தடைப்பட்ட காலத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் எப்படிப் படம் ஓடியது என்பதை இங்கே இருந்த எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கிளாஸ்கோவில் இருக்கிற வாசகருக்கு எதையெல்லாம் விளக்க வேண்டும் என்பதை ஒரு நல்ல மதிப்பீட்டாளரின் கேள்விதான் உங்களுக்குக் காட்டும்.

தாக்கக் காரணியைப் பற்றி: ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டன என்பதுதான் அது. அந்தப் பெயரில் அதைக் கணித்து வெளியிடுவது கிளாரிவேற் நிறுவனம். அதன் கலை, மனிதப் பண்பியல் மேற்கோள் சுட்டியில் இருக்கும் இதழ்களுக்கு 2023 இல்தான் முதன்முதலாக அது கொடுக்கப்பட்டது. திரைப்படக் கற்கையில் மேற்கோள் மெதுவாகத்தான் சேரும். பெண்ணியத் திரைப்பட ஆய்வாளர் லோறா மல்வி 1975 இல் ‘ஸ்கிறீன்’ இதழில் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் மாணவர்கள் வாசிக்கிறார்கள், மறுத்து எழுதுகிறார்கள். இரண்டு வருடக் கணக்கு இந்தத் துறைக்கு எதை அளக்கும்? சினிமா இதழ் ஒன்று 7.2 என்று போட்டால் அந்த எண்ணே சந்தேகத்துக்கு உரியது. அந்தத் தளத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற ஐ.எஸ்.எஸ்.என் எண்ணையும் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எட்டு இலக்கங்களும் இதழை அடையாளம் காட்டுவதற்கு மட்டும்தான். தரத்தைப் பார்த்து யாரும் அதைக் கொடுப்பதில்லை.

இனி எங்கே அனுப்புவது என்பதற்கு வருவோம். உங்கள் ஆய்வின் மையம் படம் அல்ல, படம் பார்த்த சனம். அதனால் படங்களின் அழகியலை மட்டும் அலசுகிற இதழ் எவ்வளவு பேர்பெற்றதாக இருந்தாலும் உங்களுக்குப் பொருந்தாது. பார்வையாளர்களும் திரையிடலும் பற்றிய வரலாற்றுக்கென்றே 2004 இல் தொடங்கிய ‘ஹோமர்’ என்ற ஆய்வாளர் வலையமைப்பு இருக்கிறது. அதில் இருப்பவர்கள் எந்த இதழ்களில் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். தெற்காசியத் திரை பற்றியென்றால் ‘பயோஸ்கோப்’ 2010 முதல் சேஜ் பதிப்பகத்தின் வெளியீடாக வருகிறது. திரையரங்கு, வீடியோ, தொலைக்காட்சி என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்க்கிற இதழ். வழக்கமான சந்தா வழியில் வெளியிட அங்கே எழுத்தாளரிடம் காசு கேட்பதில்லை. அயர்லாந்தின் கோர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ‘அல்பாவில்’ எவரும் இலவசமாக வாசிக்கக்கூடியது, எழுதுகிறவரும் கட்ட வேண்டியதில்லை. காசு கேட்பதால் மட்டும் ஓர் இதழ் மோசம் என்று நான் சொல்லவில்லை. திறந்த அணுக்கத்துக்கு, அதாவது எவரும் இலவசமாக வாசிக்க விடுவதற்கு, நியாயமாகக் கட்டணம் வாங்கும் இதழ்களும் உண்டு. அவை தொகையை முன்கூட்டியே வெளிப்படையாகப் போடும், வசதியில்லாதவருக்குச் சலுகை உண்டா என்றும் சொல்லும்.

‘பயோஸ்கோப்’பில் உங்கள் விடயத்துக்குக் கிட்டிய இரண்டு மூன்று கட்டுரைகளை எடுத்து அடிக்குறிப்பு வரைக்கும் வாசியுங்கள். காசில்லாமல் வாசிக்க வழி தேடுகிறீர்கள் என்றால், ஆய்விதழ்களின் இணையக் களஞ்சியமான ஜேஸ்ரோரில் இலவசக் கணக்குத் திறந்து வேறு பல திரைப்பட இதழ்களை மாதம் 100 கட்டுரை வரை இணையத்தில் வாசிக்கலாம். பிறகு ஆசிரியர் குழுவைப் பாருங்கள். ஒவ்வொருவரும் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்திலும் இந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா? உங்களுக்கு வந்த இதழின் குழுவில் கண்ட ஒரு பேராசிரியரைத் தேடினேன். அவருடைய சொந்தப் பக்கத்தில் இந்த இதழின் பெயரே இல்லை. மண் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் அவர்.

இன்னொன்று, இது எங்கள் மண்ணுக்கு முக்கியம். நல்ல இதழ் உங்களிடம் கேட்கும்: கதைத்தவர்களிடம் சம்மதம் வாங்கினீர்களா, பெயர்களை மறைத்தீர்களா, படங்களில் முகம் தெரிகிறதா? உங்களுக்கு வாய் திறந்தவர்கள் யாரிடம் டெக் எடுத்தோம், யார் வீட்டில் கூடினோம் என்றெல்லாம் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்காமலே அச்சேற்றுகிற இதழுக்கு அந்தச் சனத்தின் மேல் அக்கறை இல்லை. அவர்கள் சம்மதித்தால் குரல் பதிவுகளை நூலக நிறுவனத்தின் ‘ஆவணகம்’ என்ற இணையச் சேமிப்பகம் போன்ற இடத்தில் சேர்ப்பது பற்றியும் யோசியுங்கள். கட்டுரை வர வருடம் ஆகலாம், பதிவு அதுவரை உங்கள் தொலைபேசியில் மட்டும் கிடக்கக் கூடாது.

கேள்வி: ஸ்கோபசில் இருக்கிற இதழ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம் என்கிறார்கள். சரியா?
– மாணவன், வவுனியா

பதில்: கண்ணைத் திறந்துகொண்டே அனுப்புங்கள், தம்பி. ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஒரு தரவுத்தளம். முதலில், இதழ் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பாமல் ஸ்கோபசின் சொந்தப் பட்டியலில் தேடுங்கள். அதற்குக் காசில்லை. எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள், இடையில் நிறுத்தப்பட்ட இதழ்கள் பழைய பெருமையைத் தளத்தில் விட்டுவைத்திருக்கும். உண்மையான இதழின் பெயரைத் திருடிப் போலித்தளம் நடத்துகிறவர்களும் உண்டு, ஆகவே இணைப்பை அந்தப் பட்டியலிலிருந்தே எடுங்கள். பட்டியலில் இல்லாத நல்ல இதழும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பட்டியலைப் பார்க்காமலே சோதிக்கக்கூடிய இதழும் உண்டு: 2014 இல் தொடங்கிய ‘இன்ட்ரான்சிஷன்’ கட்டுரைக்குப் பதிலாக வீடியோவை ஆய்வாக வெளியிடுகிறது. மதிப்பீட்டாளர் எழுதிய கருத்தையும் பெயரோடு கீழே போடுகிறது. மதிப்பீடு நடந்ததா என்று நீங்களே வாசித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: தமிழில் எழுதினால் ஆய்வாக எடுக்க மாட்டார்களா?
– வாசகர், மன்னார்

பதில்: எடுப்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் ‘சிந்தனை’ தமிழில் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்ட இதழ். ஆனால் மேலே சொன்ன சோதனையைத் தமிழ் இதழுக்கும் வையுங்கள். யார் மதிப்பிடுகிறார்கள், திருத்தம் கேட்கிறார்களா, பழைய இதழ்கள் இன்றைக்கும் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள்.

புதுக்குடியிருப்புப் பிள்ளைக்கு ஒரு சொல் கூடுதலாக: அந்த மின்னஞ்சலுக்கு ஏற்கெனவே கட்டுரையை அனுப்பியிருந்தால், காசு கட்டாமல், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்து வைக்காமல், ‘கட்டுரையை மீளப் பெறுகிறேன்’ என்று திகதி போட்டு இன்றே எழுதுங்கள். அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வேறு இதழுக்குக் கொடுக்கும்போது, ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் கொடுத்தீர்கள் என்று யாரும் சொல்ல வந்தால் அதைக் காட்டலாம்.