எந்தப் பியானோ கலைஞரின் வாழ்க்கை உங்களுக்கு மிக நெருக்கமானது? ஏன்?

ஸ்வியாதொஸ்லாவ் ரிக்தர். யோசிக்காமலே சொல்லுவேன். ஆனால் ஏன் என்று சொல்ல, எங்கள் ஊர்த் தேவாலய மண்டபத்தில் இருந்த ஒரு பழைய பியானோவில்தான் தொடங்க வேண்டும்.

1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. பிறகு பல வருடங்கள் வரவே இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோ கேட்டோம். அந்த நாளில் கரண்டும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம், விரலை வைத்தால் மண்டபமே நிறையும் என்று ஒரு வாத்தியம் இருந்தது, பத்து வயதுப் பிள்ளையான எனக்குப் பெரிய அதிசயம். ரீச்சர் ஜாம் போத்தல் விளக்கை இசைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைப்பார். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் சிறிதளவு மண்ணெண்ணெய், மெல்லிய திரி. புத்தகம் தெரியும், விரல் வைக்கும் பியானோக் கட்டைகள் தெரியாது. கடல் காற்றுக்குக் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. நடுவில் மூன்று கட்டைகள் அமுக்கினால் எழும்பாது. அந்த இடம் வந்தால் ரீச்சர் அந்தச் சுரங்களைத் தன் வாயால் பாடுவார், நான் விட்ட இடத்திலிருந்து வாசிப்பேன்.

1995 ஒக்டோபர் கடைசியில் போர் நெருங்கி வர, எல்லாரையும் போல நாங்களும் ஊரை விட்டுக் குடாநாட்டின் கிழக்கே உள்ள தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பியானோவைக் கறையான் தின்றிருந்தது.

ரிக்தரைப் பற்றி நான் அறிந்தது அதற்கும் பல வருடங்கள் கழித்து. 1915இல் உக்ரைனின் ஷிதோமிர் நகரில் பிறந்தவர். வளர்ந்தது ஒதெசா என்ற துறைமுக நகரில். அப்பா ஜெர்மன் வம்சாவளி இசைக்கலைஞர். வீட்டில் கேட்டதையும் தானாக வாசித்துப் பழகியதையும் தவிர முறையான பியானோப் படிப்பு எதுவும் அவருக்கு இல்லை. பதின்ம வயதிலேயே ஒப்பரா அரங்கில் பாடகர்களின் ஒத்திகைக்குப் பியானோ வாசித்துச் சம்பாதித்தார். 22 வயதில் மொஸ்கோ போய், ஹைன்ரிஹ் நொய்ஹவுஸ் என்ற பெரிய ஆசிரியர் முன் வாசித்துக் காட்டினார். அவர் பக்கத்தில் இருந்த மாணவியிடம் மெதுவாக, இவன் ஒரு மேதை போலிருக்கிறது என்று சொன்னாராம்.

1941இல் போர் ஒதெசாவுக்கு வந்தது. ஜெர்மன்காரர் என்பதே குற்றமாக, உளவாளி என்று சொல்லி அவருடைய அப்பாவைச் சோவியத் அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். அம்மா பிறகு ஜெர்மனிக்குப் போய்விட்டார். மகன் அம்மாவை மறுபடி பார்த்தது 1960இல், அமெரிக்காவில் முதல்முறை கச்சேரி செய்யப் போன வருடம்தான். 19 வருடம்! இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இடையில் நாடே பிளந்து கிடக்க, தாயும் பிள்ளையும் வருடக்கணக்காக ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பது எப்படி என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எங்கள் சின்னம்மா தன் மகனை 14 வருடம் கழித்துத்தான் ரொறன்ரோவில் பார்த்தார்.

அந்தப் போருக்குள்ளும் ரிக்தர் வாசித்துக்கொண்டே இருந்தார். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோபியேவின் ஏழாவது சொனாட்டாவை, அதாவது பல பகுதிகள் கொண்ட பியானோப் படைப்பை, நான்கே நாளில் பாடமாக்கி, 1943 ஜனவரியில் மொஸ்கோவில் முதன்முதலாக மேடையேற்றினார். கேட்டுப் பாருங்கள், கடைசிப் பகுதியின் தாளக்கட்டு ஏழு ஏழு எண்ணிக்கையாக (7/8) ஓடும். நம் கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பு பழகிய காதுக்கு அது அந்நியமாகவே இருக்காது.

சரி, புகழ் வந்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு நாதசுவர வித்துவான் தன் வாத்தியத்தைத் தன்னோடு கொண்டு கோயில் கோயிலாகப் போகலாம். பியானோக்காரருக்கு அது முடியாது. போகிற ஊரில் எது இருக்கிறதோ அதில்தான் வாசிக்க வேண்டும். பல மேதைகள் இதற்காகவே சின்ன ஊர்களுக்குப் போவதில்லை. ரிக்தர் பியானோவைத் தேர்ந்தெடுக்க மாட்டேன், கிடைத்ததில் வாசிக்கிறேன் என்ற பிடிவாதக்காரர். பின்னாளில்தான் யமஹா பியானோ ஒன்று அவரோடு கூடவே போனது. 1986இல், 71 வயதில், லெனின்கிராட்டில் புறப்பட்டு சைபீரியா வழியாகத் தரைவழியே விளாதிவொஸ்தொக் வரை போய்த் திரும்பினார். ஆறு மாதம், ஏறத்தாழ 150 கச்சேரிகள். சில ஊர்களில் கச்சேரி மண்டபமே கிடையாது.

கடைசிக் காலத்தில் அவர் அரங்கை இருட்டாக்கி, இசைப் புத்தகத்துக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கு வைத்து வாசித்தார். என் முகத்தைப் பார்க்க வேண்டாம், இசையைக் கேளுங்கள் என்பது அவர் நியாயம். இன்னொரு காரணமும் உண்டு: வயதாக ஆக அவர் காதுக்குச் சுரங்கள் இடம் மாறிக் கேட்கத் தொடங்கின, நினைவிலிருந்து வாசிக்கத் துணிவு போய்விட்டது. அந்த மேடையின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு ரீச்சரின் ஜாம் போத்தல்தான் கண்ணுக்குள் வந்தது. 1997இல் ரிக்தர் இறந்தார். ரீச்சர் அதற்கு முன்பே, இடம்பெயர்ந்த இடத்திலேயே போய்விட்டார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்றால், 1958 பெப்ரவரியில் பல்கேரியாவின் சோபியாவில் செய்த கச்சேரியைக் கேளுங்கள். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் 'ஒரு கண்காட்சியின் சித்திரங்கள்' என்ற பியானோப் படைப்பு அதில் இருக்கிறது. குளிர்காலம், சபையில் ஆட்கள் இருமிக்கொண்டே இருப்பார்கள், சில இடங்களில் சுரம் தவறும். இப்போது என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறேன். போன கிழமை ஒரு சின்னவள், "ரீச்சர், இவர் பிழை விட்டிட்டார்" என்றாள். ஓம், விட்டிட்டார், நிற்கவில்லைத்தானே, கேள் என்றேன். கடைசிவரை அசையாமல் இருந்து கேட்டாள்.