வேலையை விடலாமா, கிளினிக்கை மாற்றலாமா?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக, பல் கிளினிக்கில் பற்களைச் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்ட்டாக இருக்கிறேன். நோயாளிகளோடு பழகுவது பிடிக்கும். ஆனால் ஒரு மணி நேர அப்பாயின்ட்மென்ட்டை அரை மணியாகக் குறைத்த பிறகு, வேலைக்குக் கிளம்பவே வெறுப்பாக இருக்கிறது. கையும் மரத்துப்போகிறது. டென்ஷன் இல்லாத கிளினிக்கில் சேர்த்துவிடுவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. போகலாமா, தொழிலையே விட்டுவிடலாமா?

பதில்: தொழிலை விடாதீர்கள். நோயாளிகளைப் பிடிக்கிறது என்கிறீர்களே, அது போயிருந்தால்தான் நான் கவலைப்படுவேன். உங்களை வாட்டுவது அந்த அரை மணி. அதற்குள் ஈறின் ஆழத்தை அளந்து, பற்காறை எடுத்து, நாற்காலியைத் துடைத்து, கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்பி, குறிப்பும் எழுத வேண்டும். காறை சுரண்டும் கியூரெட்டைத் தீட்ட நேரம் ஏது? முனை மழுங்கினால் விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சாயங்காலம் மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கும்.

இதற்கு மருந்தாக யோகா வகுப்பு நடத்தும் நிர்வாகங்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பர்ன்அவுட் என்கிற இந்த வேலைச் சலிப்பு, வேலையிடத்து அழுத்தம் சரிசெய்யப்படாமல் நீடிப்பதால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. இவர்களோ இன்னும் ஊழியரைத்தான் திருத்தப் பார்க்கிறார்கள்! ஈறு நோய் உள்ளவர்களுக்காவது பழைய ஒரு மணி நேரம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

மறுத்தால் மாறுங்கள், ஆனால் ஏஜென்சியை நம்பி அல்ல. நீங்கள் சேர்ந்தால் அவர்களுக்குக் கமிஷன். மூன்றாம் மாதம் அழுதால் போனைக்கூட எடுக்க மாட்டார்கள். முன்பணம் கேட்டாலோ, ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தாலோ, இத்தனை மாதம் விலகக் கூடாது என்று பாண்ட் நீட்டினாலோ எழுந்து வந்துவிடுங்கள். கிளினிக்கிலேயே நேரில் கேளுங்கள்: போன வார அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தைக் காட்டுவீர்களா? முன்பு இருந்தவர் ஏன் போனார்? அப்புறம் கருவிகள் இருக்கும் டிராயரைத் திறந்து பாருங்கள். கியூரெட் முனைகள் மாற்றப்படாமல் ஊசியாகத் தேய்ந்து கிடந்தால் அங்கேயும் இதே கதைதான்.

இதெல்லாம் ஆற அமரச் செய்யலாம். அந்த மரத்துப்போவது மட்டும் காத்திருக்காது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து, ராத்திரி தூக்கம் கலைந்து கையை உதறுகிறீர்களா? மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். லீவு கிடைக்கட்டும், புது வேலை அமையட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்தில் ராத்திரி கட்டும் மணிக்கட்டுப் பட்டையிலேயே பலருக்குக் குறையும். நாளானால் பெருவிரல் தசை வற்றி, பிடிமானம் போகும். இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். நாள் முழுக்க மெல்லிய கருவியை இறுக்கிப் பிடிக்கும் வேலை, காறையை உடைக்கும், அதிரும் ஸ்கேலர் கருவியும் உண்டு என்று சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.