பச்சைக் குழந்தைக்கு ஊசி வலி தெரியாதா?

கேள்வி: என் பெண்ணுக்கு 45 நாள் ஊசி போடப் புதன்கிழமை போயிருந்தோம். ஒரே நாளில் மூன்று ஊசி, அலறித் தீர்த்துவிட்டாள். வலி குறைய ஏதாவது செய்யலாமா என்று கேட்டதற்கு, ‘இந்த வயசுல வலியெல்லாம் தெரியாதும்மா, அரை மணியில மறந்துடும்’ என்றார்கள். அடுத்த தடவை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வை என்கிறார் மாமியார். வைக்கலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்களிடம் அப்படிச் சொன்னவர் மேல் மட்டும் கோபப்படாதீர்கள். 1980-கள் வரை பெரிய பெரிய டாக்டர்களே அப்படித்தான் நம்பினார்கள். குறைமாதக் குழந்தைக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போதுகூட, அசையாமல் இருக்க ஒரு மருந்து, கூடக் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு என்ற லேசான மயக்க வாயு, அவ்வளவுதான்! இந்தூரில் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த் இதைச் சோதித்துப் பார்த்தார். பாதிக் குழந்தைகளுக்கு ஃபென்டனில் என்ற வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு வழக்கமானது மட்டும். 1987-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: ஃபென்டனில் கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் பதற்ற ஹார்மோன்கள் எகிறியிருந்தன, ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல்களும் அதிகம்.

மறந்துவிடும் என்பதும் சரியில்லை. பிறந்தவுடன் மரத்துப்போகும் கிரீம் தடவாமல் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள் நாலு முதல் ஆறு மாதத்தில் தடுப்பூசிக்கு வந்தபோது மற்றவர்களைவிட அதிகமாக அழுததை, 1997-ல் டொரன்டோ டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சரி, சர்க்கரைத் தண்ணீர். உங்கள் மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆஸ்பத்திரிகளிலேயே அளந்து கொடுக்கிறார்கள், குழந்தையின் முகச்சுளிப்பு குறைகிறது. ஆனால் லண்டனில் குதிகாலில் ரத்தம் எடுக்கும்போது குழந்தைகளின் தலையில் மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி வைத்துப் பார்த்ததில் (2010), முகம் அமைதியாக இருந்தாலும் மூளையில் வலியின் அலை பெரிதாகக் குறையவில்லை. வலியே குறைகிறதா, முகம் மட்டும் சமாதானமாகிறதா என்று இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியானாலும் வீட்டில் கரைத்து வைக்க வேண்டாம், சேனை வைக்கிற பழக்கத்தையே விடச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் நல்ல மருந்தாகவே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆக்ஸ்போர்டில் அதையும் பார்த்தார்கள். வலிக்கக்கூடிய கண் பரிசோதனைக்கு வந்த குறைமாதக் குழந்தைகளுக்கு மார்ஃபின் என்ற வலி மருந்து, வாய்வழியாக. 156 பேரைச் சேர்க்கத் திட்டம், 31 பேரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. மூச்சில் சிக்கல், வலியும் குறைந்த மாதிரி தெரியவில்லை. நம் கண்ணுக்கு நியாயமாகப் படுகிற மருந்தையும் சோதிக்காமல் கொடுக்கக்கூடாது என்று டாக்டர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

அடுத்தது 75-ம் நாள் ஊசிதானே? மடியில் படுக்க வைக்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள், ஊசிக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே பால் கொடுங்கள், குத்தும்போதும் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனமே 2015-ல் இதைத்தான் சொன்னது. ஒன்றுக்கு மேல் ஊசி இருந்தால், அதிகம் வலிக்கிறதைக் கடைசியில் போடச் சொல்லிக் கேளுங்கள். முன்கூட்டியே பாராசிட்டமால் வேண்டாம், குத்துகிற வலிக்கு அது உதவாது. அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஊசி போடும் முன் காலை மெதுவாக வருடிக் கொடுங்கள். விநாடிக்கு 3 சென்டிமீட்டர் வேகத்தில் வருடியபோது மூளையில் அந்த வலி அலை குறைந்ததாக அதே ஆக்ஸ்போர்டில் 2018-ல் பார்த்திருக்கிறார்கள். ஸ்கேல் எல்லாம் தேவையில்லை, தூங்க வைக்கும்போது தடவுவீர்கள் பாருங்கள், ஏறக்குறைய அந்த வேகம்தான்.